சிவப்புக்கு 110 விநாடி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறாளாம். "அப்பா, ஐஸ்லாந்துல கிராமத்துப் பக்கம் மரக்கட்டையிலேயே கட்டின விடுதி ஒண்ணு இருக்கு, ராத்திரி துருவ ஒளி பார்க்கலாம், வாங்க" என்று கூப்பிடுகிறாளாம். விடுதியின் படங்களையும் அனுப்பியிருக்கிறாள். வானம் முழுக்கப் பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக வழிகிறது. "இதெல்லாம் நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா? இவ்வளவு செலவு செய்து போனால் என் கண்ணுக்கு இப்படித் தெரியுமா?" என்பது அவர் கேள்வி.

நிஜம்தான். ஆனால் படத்தில் இருப்பதுபோல் தெரியாது. இந்த இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று முரணில்லை. ஏன் என்று விளக்க ஒரு ஆக்சிஜன் அணுவின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

முதலில் விடுதி. இந்த வகையில் நன்றாகத் தெரிந்த பெயர் ஹோட்டல் ராங்கா. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, ஹெல்லா என்ற சிற்றூரைத் தாண்டி, ராங்கா ஆற்றங்கரையில் இருக்கிறது. தடித்த மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. முன்கூடத்தில் பாடம் செய்த பனிக்கரடி ஒன்று ஆளை மிரட்டும் உயரத்தில் நிற்கும். வெளியே சுடுநீர்த் தொட்டிகள், கூரையை உருட்டித் திறக்கக்கூடிய தொலைநோக்கிக் கூடம், வானம் தெளிந்திருந்தால் தொலைவில் ஹெக்லா எரிமலை. சுற்றிலும் வயல்வெளியும் புல்வெளியும். பக்கத்தில் பெரிய ஊர் கிடையாது என்பதுதான் அதன் முக்கியமான வசதி. இன்னொரு வசதியும் உண்டு. இரவுக் காவலில் இருக்கும் ஊழியர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒளி தென்பட்டதும் கேட்டுக்கொண்ட அறைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து எழுப்பிவிடுவார். கண்ணாடிக் கூரை, பனிக்குடில் என்று வேறு இடங்களில் விற்கும் எந்த அலங்காரத்தையும்விட இந்த ஒரு போன் அழைப்பு பெரிது என்பது என் கட்சி. படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்கிறார்கள். அறைக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலும் கண்ணாடிக் கூரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

அழைப்பு வந்த பிறகு நடப்பது வேடிக்கையான காட்சி. இரவு உடுப்பின் மேல் குளிர்கோட்டு, முடிச்சுப் போடாத பூட்ஸ், தலையில் யாருடைய குல்லாயோ. இருட்டுக்குள் இருபது முப்பது பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். ஒருவர் செல்போன் விளக்கைப் போட, எல்லாரும் சேர்ந்து அவரை அதட்டுகிறார்கள். நான் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றபோது முதலில் தெரிந்தது அடிவானத்திலிருந்து மேலே எழும் ஒரு சாம்பல் பட்டை. "மேகமா இது?" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் கேட்டார். அவர் கணவர் போனை நெஞ்சோடு அழுத்தி அசையாமல் பிடித்து மூன்று விநாடி படம் எடுத்தார். திரையில் பச்சைப் பசேலென்று ஓர் ஆறு. அம்மாள் போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். வானம் ஏமாற்றிவிட்டது என்கிற முகபாவம். கால் மணி நேரம் கழித்து அந்தப் பட்டை திடீரென்று உயிர்பெற்று உச்சிவரை ஓடியபோதுதான் வெறும் கண்ணுக்கே பச்சை தெரிந்தது. கீழ் விளிம்பில் ரோஜா நிறம் ஒரு கணம் ஓடி மறைந்தது. சிவப்பு? கடைசிவரை யார் கண்ணிலும் படவில்லை. போன் படத்தில் மட்டும் உச்சியில் மங்கலாக இருந்தது.

மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணின் கூம்பு செல்கள் வேலை செய்யாது. குச்சி செல்கள்தான் பார்க்கும், அவற்றுக்கு நிறம் தெரியாது. சிவப்பு அலைநீளத்தை அவை கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. கேமரா பத்து விநாடி திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேமிக்கிறது. நம் கண்ணுக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. ஆகவே விளம்பரப் படம் பொய் இல்லை. அது வேறொரு கண்ணின் சாட்சியம். இந்த அளவில் அந்த விவகாரத்தை முடித்துக்கொள்ளலாம். எனக்குச் சுவாரசியமான கேள்வி வேறு. ஏன் பச்சை கீழே, சிவப்பு மேலே? எப்போதும் ஏன் அதே வரிசை?

சூரியக் காற்று, பூமியின் காந்தப்புலம் எல்லாம் பள்ளிப் பாடத்தில் வந்துவிட்டன. ஒரே ஒரு திருத்தம் மட்டும். சூரியனிலிருந்து வரும் துகள்கள் நேராக வந்து துருவத்தில் கொட்டுவதில்லை. பூமியின் இரவுப் பக்கம் பல லட்சம் கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் காந்த வாலில் ஆற்றல் தேங்கி, அங்கே காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது எலக்ட்ரான்கள் நம்மை நோக்கித் திருப்பி எறியப்படுகின்றன. நள்ளிரவை ஒட்டி ஒளி சூடுபிடிப்பதற்கு அதுதான் காரணம். அந்த எலக்ட்ரான்கள் வந்து மோதும் இடத்தில், தரைக்கு மேல் 100 கிலோமீட்டர் தாண்டிய உயரத்தில், ஆக்சிஜன் பெரும்பாலும் ஒற்றை அணுவாகத் திரிகிறது. புற ஊதாக் கதிர் மூலக்கூறைப் பிளந்துவிடுகிறது. மறுபடி சேர அங்கே கூட்டம் போதாது.

அடிபட்ட ஆக்சிஜன் அணுவிடம் ஆற்றல் சேர்ந்துவிட்டது. அதை ஒளியாக வெளிவிட வேண்டும். சாதாரணமாக ஓர் அணு இதை நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் செய்துவிடும். பச்சையும் சிவப்பும் தரும் ஆக்சிஜனின் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு மட்டும் குவாண்டம் விதிகள் குறுக்கே நிற்கின்றன. இயற்பியலார் இதைத் 'தடை செய்யப்பட்ட தாவல்' என்பார்கள். தடை என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை, தாமதமாகும் என்றுதான் அர்த்தம். பச்சை (557.7 நானோமீட்டர்) வெளிவர முக்கால் விநாடி ஆகிறது. சிவப்பு (630 நானோமீட்டர்) வெளிவர சராசரியாக 110 விநாடி. ஏறத்தாழ இரண்டு நிமிடம்! சாதாரண அணுவின் அவசரத்தோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் கோடி மடங்கு நிதானம்.

மதுரை, தேனிப் பக்கத்துக் கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை மேசையில் கொடுத்தால் மைக்கில் பெயரும் தொகையும் ஒலிக்கும். ஊரே கேட்கும். அணு ஒளி வீசுவது அந்த மைக் அறிவிப்பு. இப்போது நம் ஆக்சிஜன் பெரியப்பா சட்டைப் பையில் பணத்தோடு பந்தலுக்குள் நுழைகிறார். அவரிடம் ஒரு பழக்கம், மொய்யை இரண்டு தவணையாகத்தான் கொடுப்பார். முதல் தவணை பச்சை நோட்டு. பையில் துழாவி எடுக்க முக்கால் விநாடி. இரண்டாம் தவணை சிவப்பு நோட்டு. அதை எடுக்க இரண்டு நிமிடம் யோசிப்பார். இதற்கிடையில் பந்தலில் எவனாவது மேலே இடித்து, "பெரியப்பா, அவசரமா ஒரு ஐந்நூறு இருக்குமா?" என்று கேட்டுவிட்டால் பணம் அவன் கைக்குப் போய்விடும். மைக்கில் பெயர் வராது. பணம் தொலைந்ததா என்றால் இல்லை, பந்தலுக்குள்ளேயேதான் இருக்கிறது. அணு உலகத்தில் அந்தக் கைமாற்றின் பெயர் வெப்பம். இப்படி இடித்துப் பறிப்பதில் கில்லாடி நைட்ரஜன் மூலக்கூறு.

இனி பந்தலின் நெரிசலைக் கணக்கிடலாம். கடல் மட்டத்தில் ஒரு மூலக்கூறு நொடிக்கு எழுநூறு கோடி முறை இடிபடுகிறது. அங்கே எந்தப் பெரியப்பாவும் மேசைவரை போய்ச் சேர முடியாது. 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அதில் இருபது லட்சத்தில் ஒரு பங்குதான். நொடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இடிகள். இடிக்கிறவனெல்லாம் பறிப்பதில்லை. பச்சை நோட்டை அவ்வளவு லேசில் பிடுங்க முடியாது. ஆகவே முக்கால் விநாடிக்குள் முதல் தவணை பெரும்பாலும் மேசைக்குப் போய்விடுகிறது. பச்சை ஒளி கிடைக்கிறது. இரண்டாம் தவணை? இரண்டு நிமிடம் அந்த நெரிசலில் நின்றால் ஒன்றும் மிஞ்சாது. பச்சை வீசிய ஒவ்வோர் அணுவும் ஒரு சிவப்பு பாக்கி வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கீழே அந்த பாக்கி வசூலாவதே இல்லை. 200 கிலோமீட்டருக்கு மேலே போனால் பந்தல் காலி. நொடிக்கு நாலு இடி, 300 கிலோமீட்டரில் இரண்டு விநாடிக்கு ஓர் இடி. அங்கேதான் பெரியப்பா நிம்மதியாக யோசித்துச் சிவப்பு நோட்டை எடுக்கிறார். அதனால் சிவப்பு எப்போதும் உச்சியில்தான். அவ்வளவு உயரத்தில் வந்து நிற்பவை வேகம் குறைந்த எலக்ட்ரான்கள், அவை பெரும்பாலும் இரண்டாம் தவணைக்கான தொகையை மட்டும்தான் அவர் பையில் வைக்கின்றன என்பதும் ஒரு காரணம்.

95 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் பச்சைக்கும் இடமில்லை. நெரிசல் அதிகம், ஒற்றை ஆக்சிஜன் அணுவும் அரிது. அங்கே நைட்ரஜன் தன் சொந்த மொய்யை எழுதுகிறது. அதற்குத் தடை எதுவும் கிடையாது. நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் வீசி எறிந்துவிட்டுப் போய்விடும். வேகமான எலக்ட்ரான்கள் ஆழம்வரை பாயும் இரவுகளில் கீழ் விளிம்பில் கணநேரம் ஓடும் ரோஜா நிறம் அதுதான். இன்னும் ஒரு கூத்து உண்டு. அடிபட்ட நைட்ரஜன் சில சமயம் தன் பணத்தை ஆக்சிஜன் கையில் திணித்து, "நீயே எழுதிடு" என்று அனுப்பிவிடும். நாம் பார்க்கும் பச்சையில் கணிசமான பங்கு இந்த பினாமி மொய்.

தாமதத்தை வானத்திலேயே பார்க்கலாம். பச்சைத் திரை நெளிந்து ஓடும். சிவப்பு ஓடாது, புகைபோல் பரவித் தங்கும். எலக்ட்ரான் மழை நின்று ஒரு நிமிடம் ஆன பிறகும் சிவப்பு அணுக்கள் ஒன்றிரண்டாக வீசிக்கொண்டிருக்கும். அதற்குள் உயரத்துக் காற்று அவற்றைப் பல கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஒளி படபடவென்று துடிக்கும் வேளைகளில் கருவி வைத்துப் பார்த்தால் நைட்ரஜனின் நீலம் முதலில் துடிக்கும், பச்சை அரை விநாடிக்குமேல் பின்தங்கித் துடிக்கும். அணுவின் நிதானத்தை ஆய்வுக்கூடம் இல்லாமல் வானத்தை வைத்தே அளக்க முடிந்தது இப்படித்தான்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1741ல் ஸ்வீடனில் செல்சியஸும் அவர் மைத்துனர் ஹியோர்ட்டரும் துருவ ஒளி வரும்போது காந்த ஊசி ஆடுவதைக் கண்டார்கள். 1860களில் ஆங்ஸ்ட்ராம் அந்தப் பச்சைக் கோட்டை அளந்தார். அறிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. இல்லாத தனிமம் ஒன்றுக்கு 'ஜியோகொரோனியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தவர் கண்டங்கள் நகர்வதைச் சொன்ன அதே வேகனர். ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னவர் எல்லாவற்றிலும் சரி என்றில்லை. நார்வேயின் பிர்க்லாண்ட் வெற்றிடப் பெட்டிக்குள் காந்த உருண்டை வைத்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சிச் செயற்கை ஒளி வளையம் காட்டினார். கடைசியில் 1925ல் டொரன்டோவில் மெக்லென்னனும் ஷ்ரமும் ஆக்சிஜனில் அந்தப் பச்சையை வரவழைத்தார்கள். அதுவரை ஆய்வுக்கூடங்களில் வராததற்குக் காரணம், குழாயின் சுவரே இடித்துப் பறித்துவிடும் என்பது. இவர்கள் குழாயில் ஹீலியத்தை நிறைய நிரப்பினார்கள். நம் பெரியப்பாவைச் சுற்றி நின்று சுவரருகே போகவிடாமல் தடுக்கும், ஆனால் ஒரு பைசா கேட்காத கண்ணியமான உறவினர் ஹீலியம்.

2024 மே 10, 11 தேதிகளில் பெரும் காந்தப் புயல் வந்தபோது லடாக்கின் ஹன்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் சிவப்பு ஒளியைப் பதிவு செய்தன. இந்தியாவிலேயே துருவ ஒளி என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின. பச்சை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலே சொன்ன பந்தல் கணக்குதான் பதில். பூமி உருண்டை. 100 கிலோமீட்டர் உயரத்துப் பச்சை, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் எட்டிப் பார்க்கும். தாழ்ந்த அட்சரேகைகளில் புயலின்போது தனியாகத் தோன்றும் சிவப்பு வில்களும் இதே 630 நானோமீட்டர் சமாசாரம்தான். ஹன்லேயில் அதைப் பிடித்தது கேமரா, வெறும் கண் அல்ல என்பதையும் அந்தச் செய்திகள் சத்தமாகச் சொல்லவில்லை.

இனி விற்பனைப் பேச்சு. போனில் இறக்கிக்கொள்ளும் துருவ ஒளிச் செயலிகள் எல்லாம் கே.பி. குறியீடு என்று ஒரு எண்ணைக் காட்டும், 0 முதல் 9 வரை. பயணிகள் அதைப் பங்குச் சந்தைபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உலகம் முழுமைக்கும் போடும் சராசரி. ஒளி எவ்வளவு தெற்கே இறங்கும் என்று சொல்ல உதவும். ஐஸ்லாந்து, காந்தத் துருவத்தைச் சுற்றி அமையும் ஒளி வளையத்துக்கு நேர் கீழேயே இருக்கிறது. அங்கே 2 போதும். சூரியக் காற்றை முன்கூட்டி அளக்கும் செயற்கைக்கோள்கள் நிற்பது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். நம் ஆதித்யா எல்-1 நிற்பதும் அதே வட்டாரம்தான். அங்கிருந்து நமக்குக் கிடைக்கும் நம்பகமான முன்னறிவிப்பு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். "அடுத்த வெள்ளிக்கிழமை அபாரமாக இருக்கும்" என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பார்க்க வேண்டியது மேகத்தை. துருவ ஒளி 100 கிலோமீட்டர் உயரத்தில், மேகம் பத்துக்குள். கே.பி. 9 ஆக இருந்தாலும் ஒரு மேகப் படலம் போதும். ஐஸ்லாந்து வானிலைத் துறையின் துருவ ஒளிப் பக்கத்தில் மேக வரைபடம் இருக்கிறது. அதில் பச்சை என்றால் மேகம், வெள்ளை என்றால் தெளிந்த வானம். படம் பச்சையாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய் வெளியே ஓடிவிட வேண்டாம். நேர்மையாகச் சொன்னால் ஐஸ்லாந்தின் தென்கரை மழைக்குப் பேர்போன இடம். மேகத்தை மட்டும் வைத்து இடம் தேர்ந்தெடுப்பதென்றால், மலைகளின் மழை மறைவில் இருக்கும் வட ஸ்வீடனின் அபிஸ்கோ அதைவிட மேல். ரெய்க்யவிக்கிலிருந்து கிளம்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் பல, "ஒளி தெரியாவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப்போகிறோம்" என்கின்றன. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாமல் புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவில் தெரியும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று இரவில் எழுபது சதவீதம் என்று கணக்கு வரும். மேகம் தனித்தனி நாளாக வராது, கும்பலாக வந்து நாலு நாள் உட்காரும். அதனால் நிஜ வாய்ப்பு அந்தக் கணக்கைவிடக் குறைவு. ஒரே விடுதியில் நாலு இரவு போடுவதற்குப் பதில், இரண்டு இரவு தெற்கே, இரண்டு இரவு வடக்கே மீவாட்ன் ஏரிப் பக்கம் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாதைகள் பனியில் மூடலாம் என்பதால் ஓட்டத் தெரிந்தவரோடு போக வேண்டும்.

ஆகவே வாசகருக்கு என் பதில்: போங்கள், மகள் கூப்பிடும்போதே போங்கள். கிராமத்து விடுதிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை, இருட்டு அங்கேதான் கிடைக்கும். பதிவு செய்யும்போது இரவில் எழுப்பிவிடுவார்களா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். வெளியே வந்ததும் இருபது நிமிடம் போன் திரையைப் பார்க்காமல் இருங்கள். சாம்பல் பட்டை தெரிந்தால் ஏமாற்றம் என்று உள்ளே போய்விடாதீர்கள், பல இரவுகளில் அதுதான் ஆரம்பம். பௌர்ணமியைத் தவிர்க்கலாம். மாதம் கேட்டால் மார்ச் அல்லது செப்டம்பர் கடைசி என்பேன். சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்த அச்சு சாய்ந்திருக்கும் விதம் சூரியக் காற்றின் காந்தப்புலத்துக்கு வழிவிடுகிறது என்று 1973லேயே ரஸ்ஸலும் மெக்ஃபெரானும் காட்டியிருக்கிறார்கள். டிசம்பரைவிட மார்ச்சில் பகலும் நீளம், சுற்றிப் பார்க்க வசதி.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையைக் கணக்கில் வைத்து மே மாதத்தில் 'ஐஸ்லாந்து துருவ ஒளிப் பயணம்' என்று யாராவது விற்றால் மட்டும் வாங்காதீர்கள். அங்கே மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை இரவு சரியாக இருட்டுவதே இல்லை.